சக்கரம் தரையில் இருக்கும்போதே: வீட்டில் கட்டிய மின் விமானத்தில் பிழை நீக்கும் வழிமுறை

பெட்ரோல் எஞ்சின் நிற்பதற்கு முன் திணறும், ஓசை மாறும், உடம்பை உதறும். காது பழகிய விமானி அந்தச் சில விநாடிகளுக்குள் விமானத்தின் மூக்கைத் தாழ்த்திவிடுவார். மின் மோட்டார் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. சீராகச் சுழன்றுகொண்டே இருக்கும், அடுத்த நொடி நின்றிருக்கும். ஆகவே வீட்டில் கட்டிய மின் விமானத்தில் பிழை தேடும் வேலை தரையிலேயே முடிந்தாக வேண்டும். "மேலே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சந்தேகத்துக்குரிய ஒரு திருகாணியைக்கூட மேலே கொண்டுபோகக் கூடாது.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரு மாதிரி விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒற்றை இருக்கை, விமானியோடு சேர்த்து 250 கிலோ, 40 கிலோ பேட்டரி, 24 செல்கள் தொடராக, முழுதாக நிரம்பினால் 100.8 வோல்ட், பெயரளவில் 88.8 வோல்ட், மேலேறும்போது 170 ஆம்பியர், அதாவது சுமார் 15 கிலோவாட். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், தேடும் முறை இதுதான்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் காலி எடை 115 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை இருக்கை விமானத்துக்கு உரிமம் தேவையில்லை என்று காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சலுகை அந்த நாட்டுக்கானது. இந்தியாவில் டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் சக்கரம் தரையைவிட்டு எழக் கூடாது. பெருங்குடியில் மதுரை விமான நிலையம் இருப்பதால் நகரைச் சுற்றிய வான்பரப்பு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. திருமங்கலம் பக்கம் பொட்டல் நிலம் கிடைக்கிறது என்பதற்காக அங்கே ஓட்டிப் பார்க்க முடியாது.

சோதனைக்கு முன்பு விமானத்தைக் கட்டிப் போடுங்கள். தோட்டத்து வேலிக்கு நடும் கல்லுக்கால் ஒன்றை ஆழமாகப் புதைத்து வால் பகுதியை அதில் கட்டுவது போதுமானது. இந்த அளவு மோட்டார் நின்ற இடத்தில் ஏறக்குறைய 60 கிலோ இழுக்கும். சக்கரத்துக்குச் செங்கல் வைத்துவிட்டு நம்பியிருப்பது ஆபத்து. வோல்ட், ஆம்பியர், நிமிடச் சுழற்சி, மோட்டார் சூடு, கண்ட்ரோலர் (பேட்டரி மின்சாரத்தை அளந்து மோட்டாருக்கு அனுப்பும் பெட்டி) சூடு ஆகிய ஐந்தையும் விநாடிக்கு ஒருமுறை பதியும் கருவி இல்லாமல் இந்த வழிமுறையைத் தொடங்குவதில் பயனில்லை. 100 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்கவில்லை

பெரும்பாலும் சிறிய காரணம்தான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடி முழுமையாகப் பூஜ்யத்துக்கு வராவிட்டால் கண்ட்ரோலர் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொள்ளும். அடுத்து, பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரதான கான்டாக்டர் "டக்" என்று ஒட்டுகிறதா என்று கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் அதன் சுருளுக்குப் போகும் 12 வோல்ட் இணைப்பைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பிழைதான் பொல்லாதது. சாவியை அணைத்த பிறகும் கண்ட்ரோலர் முனையில் முழு வோல்ட் நிற்கிறது என்றால் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிவிட்டன. கண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கிகளை முதலில் ஒரு தடையின் வழியாக மெதுவாக நிரப்பாமல் நேரடியாகப் பேட்டரியோடு சேர்த்தால், அந்தத் தீப்பொறி ஒவ்வொரு முறையும் முனையைத் தின்னும். கான்டாக்டரை மாற்றுங்கள், முன்னிரப்புத் தடையைச் சரிபாருங்கள். அதுவரை ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

மோட்டார் உதறுகிறது, சுழலவில்லை

மூன்று ஃபேஸ் ஒயர்களில் ஒன்று தொடர்பு விட்டிருக்கலாம், அல்லது காந்தம் எங்கே நிற்கிறது என்று உணரும் ஹால் சென்சார் ஒயர்களின் வரிசை மாறியிருக்கலாம். மோட்டார் சீராகச் சுழன்று திசை மட்டும் எதிராக இருந்தால், சென்சார் இல்லாத வகையில் ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயர்களை இடம் மாற்றினால் போதும். சென்சார் உள்ள வகையில் கண்டபடி மாற்றக் கூடாது, கையேட்டைப் பாருங்கள்.

காயில் நன்றாக இருக்கிறதா என்பதைச் சாதாரண மல்டிமீட்டர் சொல்லாது. இவ்வகை மோட்டாரின் தடை சில மில்லி ஓம்கள்தான், மீட்டரின் ஒயரே அதைவிட அதிகம் காட்டும். மதுரையில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் எனக்குக் கைப்பழக்கமாகச் சொல்லிக்கொடுத்த முறை இது. மூன்று ஒயர்களையும் கண்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். எதையும் சேர்க்காமல் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால், காந்தத்தின் இலேசான தட்டல் மட்டுமே தெரிய வேண்டும். பிறகு ஒயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். கையில் ஒரு கனம் ஏறும். "மூன்று ஜோடியும் ஒரே கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தம்பி" என்றார். ஒரு ஜோடியில் கனமே ஏறவில்லை என்றால் அந்த வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. எதையும் சேர்க்காதபோதே கனமாக இருந்தால் காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, மோட்டாரைப் பிரித்தாக வேண்டும்.

முழு வேகத்தில் நன்றாகத் தொடங்குகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் இழுவை குறைகிறது

சோதனைக் கட்டத்தில் மிக அதிகமாக வரும் அறிகுறி இது. மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். "கொஞ்சம்தானே குறைகிறது" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் வாங்கும் சக்தி சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். சுழற்சி பத்து சதவீதம் குறைந்தால் சக்தி 27 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் குறைவு முழுவதும் மேலேறும் பங்கிலிருந்துதான் போகிறது. மட்டமாகப் பறப்பதற்கு வேண்டியது வேண்டியபடியே இருக்கிறது. நம் மாதிரி விமானத்தில் விநாடிக்கு இரண்டு மீட்டர் ஏறவேண்டியது ஒரு மீட்டராகிவிடும். ஓடுதளத்தின் முடிவில் பனைமரங்கள் நிற்கும் ஊரில் இது உயிர் போகிற வித்தியாசம்.

காரணம் எது என்று கண்டுபிடிக்கப் பதிவை எடுத்து வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் தேடுகிறார்கள்.

வோல்ட் இறங்க, அதோடு ஆம்பியரும் இறங்கினால், பிழை பேட்டரியிலோ அதிலிருந்து வரும் வழியிலோ இருக்கிறது. கொடுப்பவர் களைத்துவிட்டார்.

ஆம்பியர் இறங்க, வோல்ட் ஏறினால், பேட்டரி நலமாக இருக்கிறது. கண்ட்ரோலர் தானே கையை இழுத்துக்கொள்கிறது. சூடு அதிகமானதால் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே வழக்கமான காரணம். அதே விநாடியில் கண்ட்ரோலர் சூட்டுக் கோட்டைப் பாருங்கள், கையேட்டில் சொன்ன வரம்பைத் தொட்டிருக்கும். மூக்கு மூடிக்குள் காற்று நுழையும் வாயைப் பெரிதாக வெட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று வெளியேறும் வாய் நுழைவாயைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் அந்த வெட்டு வீண்.

ஆம்பியர் ஏறியும் இழுவை குறைந்தால் மோட்டார் காந்தத்தைச் சந்தேகியுங்கள். நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும்; எஸ்.எச். ரகம் 150 டிகிரி வரை தாங்கும். மலிவாக வந்த மோட்டாரில் எந்த ரகம் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கியபோது இருந்த அதே வோல்ட்டில் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். சுழற்சி முன்னைவிடக் கூடுதலாக இருந்தால் மகிழ வேண்டாம், காந்தம் தளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சூடு ஆறினாலும் அந்த இழப்பு திரும்பாது.

முழு வேகத் தரைச் சோதனையை எப்போது செய்வது? சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு. விமானம் பறக்க வேண்டியது காலை ஆறு மணிக்கு. இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். குளிர்ந்த காலையில் தரைச் சோதனையை முடித்துவிட்டு வெயில் ஏறியபின் பறக்கிறார்கள். பேட்டரியில் பாதிக்கும் குறைவாக மின்சாரம் இருக்கும்போது, மதுரையின் மிக மோசமான வெயிலில், முழு த்ராட்டிலில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால்தான் தரைச் சோதனை தேறியது என்று கொள்ளுங்கள்.

வோல்ட் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிகிறது

சுமை ஏற்றினால் வோல்ட் இறங்குவது இயல்பு. ஒரு செல் தொகுதியின் உள்தடை ஒன்றரை மில்லி ஓம் என்றால் 24 தொகுதிக்கு 36 மில்லி ஓம், 170 ஆம்பியரில் ஆறு வோல்ட் சரியும். அதற்கு மேல் சரிந்தால் இரண்டு இடங்களில் தேடுங்கள்.

ஒன்று, நோஞ்சான் செல். ஓய்வில் எல்லாச் செல்களும் 4.1 வோல்ட் காட்டும், நோஞ்சானும் காட்டும். சுமையில்தான் அது காட்டிக்கொடுக்கும்: மற்றவை 3.8க்கு மேல் நிற்க, அது மட்டும் 3.2க்குப் போகும். ஆகவே செல் வாரியான அளவைச் சுமையின்போது எடுங்கள். ஒரு செல்லை மட்டும் மாற்றி ஒட்டுப்போடும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே வயது, அதே தயாரிப்புத் தொகுப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பேட்டரியை விமானத்திலிருந்து இறக்கிவிட்டு, வீட்டு சோலார் விளக்குக்குப் பயன்படுத்துங்கள்.

இரண்டு, இணைப்புகள். ஒரே ஒரு மில்லி ஓம் கூடுதல் தடை 170 ஆம்பியரில் 29 வாட் சூட்டைக் கக்கும். ஒரு சால்டரிங் அயர்னை லக்கில் (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு) ஒட்டி வைத்து மூடியது போலத்தான். மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நான் பார்த்த ஒரு லக்கில் சிவப்பு ஸ்லீவ் பளபளவென்று இருந்தது, அதன் விளிம்பு மட்டும் இலேசாகப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. ஸ்லீவைக் கீறி எடுத்தால் உள்ளே செம்பு இழைகளில் நீலம் பாய்ந்திருந்தது. கிரிம்ப் செய்த குழாய்க்குள் ஒயரை விரலால் ஆட்ட முடிந்தது. வெளியே நட்டு முறுக்கோடுதான் இருந்தது.

எனவே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனைகளை முன்கூட்டியே கவ்வவிட்டு, தூரத்தில் நின்று சுமையின்போது படியுங்கள். 170 ஆம்பியரில் 20, 30 மில்லிவோல்ட் காட்டினால் நல்ல இணைப்பு. 150 காட்டினால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி மின்வாரிய ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும், கேட்டு வாங்கலாம். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக் விமானத்தில் ஏறக் கூடாது. செம்பு லக்கை அலுமினியப் பட்டையில் நேரடியாக முறுக்கினால் மழைக்கால ஈரத்தில் இடையில் வெள்ளைப் பொடி பூக்கும். தகரம் பூசிய லக்கும் அதற்கான பசையும் தேவை.

நூறு சதவீதம் காட்டிய பேட்டரி பாதியிலேயே தீர்கிறது

வோல்ட்டைப் பார்த்து மீதியைச் சொல்லும் மீட்டரை நம்பாதீர்கள். அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களில் வோல்ட் கிட்டத்தட்ட கடைசிவரை ஒரே மட்டமாக இருந்து, பின் தலைகுப்புற விழும். பேட்டரியிலிருந்து போன ஆம்பியர் மணியைக் கூட்டிக் கணக்கிடும் மீட்டரை வையுங்கள்.

சார்ஜிங் பக்கமும் பாருங்கள். லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாதத் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு பகலில் எளிதாக வந்துவிடும். நல்ல சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும், விமானி அதை "நிரம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்வார். கிராமத்து லைனில் மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கும் நேரத்தில் வோல்ட் படுத்துவிடுவதும் உண்டு. இரவில், காற்றோட்டமான இடத்தில், ஆள் பார்வையில் சார்ஜ் செய்வதே சரி.

சுமை ஏறும்போது எல்லாம் நின்று, சற்று நேரத்தில் திரும்ப வருகிறது

பேட்டரியின் பாதுகாப்புப் பலகை, அதாவது பி.எம்.எஸ்., தொடர்பைத் துண்டிக்கிறது. மின் ஸ்கூட்டருக்கான பலகையை அப்படியே விமானத்தில் பொருத்தினால் இதுதான் நடக்கும். ஸ்கூட்டரில் செல்லைக் காப்பாற்றுவது நியாயம். சாலை ஓரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 50 மீட்டர் உயரத்தில் ஒரு செல் 2.9 வோல்ட்டுக்குப் போனால் அந்தச் செல் செத்துப்போகட்டும், ஆள் இறங்க வேண்டும். பறக்கும்போது பி.எம்.எஸ். எச்சரிக்க மட்டுமே வேண்டும், துண்டிக்கும் அதிகாரம் விமானியின் கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 2020 ஜூனில் ஐரோப்பாவில் முதன்முதலாக முழுச் சான்றிதழ் பெற்ற மின் விமானமான பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோவில் இரண்டு தனிப் பேட்டரிகள் இருக்கின்றன. ஒன்று விலகினாலும் மற்றது மோட்டாருக்கு மின்சாரம் தரும். வீட்டில் கட்டுபவர்களும் 24 செல் பேட்டரியை ஒரே பெட்டியாகச் செய்யாமல், ஒவ்வொரு பெட்டியிலும் 24 செல் தொடர் முழுதாக இருக்கும்படி இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஃபியூஸோடு பக்க இணைப்பாக இணைக்க முடியும். கூடும் எடை அதிகமில்லை.

குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் அதிர்கிறது

ப்ரொப்பெல்லரின் இரு முனைகளும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று முதலில் பாருங்கள். தரையில் ஒரு குச்சியை நட்டு, ஒரு முனை அதை உரசும்படி வைத்து, மறு முனையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இந்த வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். மரப் ப்ரொப்பெல்லர் என்றால் போல்ட் முறுக்கத்தைப் பருவத்துக்குப் பருவம் பாருங்கள். கோடையில் மரம் வற்றிச் சுருங்க, போல்ட் தளரும்; ஐப்பசி மழையில் ஊதும். இவை சரியாக இருந்தும் அதிர்ந்தால் மோட்டார் தாங்கியின் ரப்பர்களை மாற்றிப் பாருங்கள்.

ரேடியோவில் த்ராட்டிலோடு சேர்ந்து கீச்சொலி ஏறுகிறது

கண்ட்ரோலரின் இரைச்சல் அது. ஃபேஸ் ஒயர்களைக் குறுக்கி, முறுக்கி, ஆன்டெனாவிலிருந்து விலக்குங்கள். ரேடியோ இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ரேடியோவுக்குள் நுழைவது த்ராட்டில் சமிக்ஞை ஒயருக்குள்ளும் நுழையும். அந்த ஒயரைக் கவசமுள்ளதாக மாற்றி, மின்சக்தி ஒயர்களிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள்.

ஓட்டம் நீளுகிறது, எழும்ப மறுக்கிறது

மதுரை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் 1,000 மீட்டர் மலைமேல் இருக்கும் காற்றுக்குச் சமம், தர அளவைவிட ஒன்பது சதவீதம் குறைவு. மின் மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அதனால் சக்தி குறையாது என்பார்கள். மோட்டாரைப் பொறுத்தவரை உண்மை. இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் காற்று வேண்டுமே! எழும்புவதற்கான ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு நீளும். அதற்கு மேல் நீண்டால் சக்கரத் தாங்கி, பிரேக் உரசல், மண் ஆகியவற்றைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் தளம் காய்ந்தால் கல் மாதிரி. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் ஒரு மழைக்கே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஓடுதளத்தின் பாதியில் ஒரு கொடி நடுங்கள். அங்கே வரும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் எட்டவில்லை என்றால் த்ராட்டிலை மூடுங்கள். மயில்கள் மேயும் நேரத்தில் ஓடவே வேண்டாம்.

தரையைவிட்டதும் மூக்கு தானாக ஏறுகிறது

ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கிறது. த்ராட்டிலை மெல்லக் குறைத்து நேராக அதே தளத்தில் இறக்குங்கள். ஆளோடு எடை போட்டுக் கணக்கிடும்வரை அடுத்த ஓட்டம் இல்லை. 40 கிலோ பேட்டரியை 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் மையம் 1.6 சென்டிமீட்டர் முன்னால் வரும். எரிபொருள் விமானம் பறக்கப் பறக்க இலேசாகும். மின் விமானம் எழும்பிய எடையோடுதான் இறங்கும், தரையிறங்கும் சக்கரச் சட்டத்தை அந்தக் கணக்கில் கட்டுங்கள்.

மேலே சக்தி போய்விட்டது

மூக்கைத் தாழ்த்துங்கள், நேரே முன்னால் இறங்குங்கள். ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசை குறைந்த உயரத்தில் பலரைக் கொன்றிருக்கிறது. 2019 ஆகஸ்ட் 14 அன்று நார்வேயில் ஆரெண்டால் அருகே ஓர் ஆல்ஃபா எலெக்ட்ரோ விமானம் சக்தி இழந்து சிறு நீர்நிலையில் இறங்கியது. விமானம் சேதமடைந்தது, உள்ளே இருந்த இருவரும் காயமின்றி வெளியே வந்தார்கள். எந்தத் தோட்டத்தில், எந்தக் கண்மாய்க் கரையில் இறங்குவது என்பதை நடந்து பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கருகிய வாடை வந்தால் முதலில் த்ராட்டில் பூஜ்யம், பிறகே கான்டாக்டர். வரிசையை மாற்றினால் சுழலும் மோட்டார் அனுப்பும் மின்சாரத்துக்குப் போக வழியின்றிக் கண்ட்ரோலர் வெடிக்கலாம்.

விமானம் ஆடுகிறது, பிழை ஒன்றும் தெரியவில்லை

காற்றாக இருக்கலாம். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் பொட்டல் நிலம் காற்றைக் கிளப்பும். யானைமலை, நாகமலை போன்ற மொட்டைப் பாறைகளின் மறைவுப் பக்கத்தில் காற்று சுழன்று விழும். தென்மேற்குப் பருவத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றும் அதே மேல்காற்றுதான் இங்கும் வருகிறது. ஆடியில் முதல் பறப்பு வைக்காதீர்கள்.

வேகமானி நகரவில்லை

குளவி. எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுபோகும் பிட்டாட் குழாயை ஒரு வாரம் மூடாமல் விட்டால் அதில் மண்கூடு கட்டிவிடும். வாயால் ஊதினால் வேகமானி கெடும். குழாயைக் கருவியிலிருந்து பிரித்து, மெல்லிய கம்பியால் எடுங்கள். பறக்காத நேரமெல்லாம் சிவப்புத் துணி உறை போட்டு வையுங்கள்.

இறங்கிய பிறகும் பேட்டரி சூடு ஏறுகிறது

மோட்டார் நின்ற பின் சூடு இறங்கத்தான் வேண்டும். ஏறினால் உள்ளே ஏதோ செல் தானாக எரியத் தொடங்கியிருக்கிறது. விமானத்தை ஷெட்டுக்குள் தள்ளாதீர்கள். பெட்டி கைக்குச் சிக்கினால், புகை வருவதற்கு முன் கழற்றி வெட்டவெளியில் மண்மேல் வையுங்கள். புகை வந்துவிட்டால் விமானத்தை விட்டுவிட்டு விலகுங்கள், அந்தப் புகை நஞ்சு. பொடி தீயணைப்பான் நெருப்பை அமுக்கும், சூட்டை எடுக்காது. தூரத்திலிருந்து தொடர்ந்து ஏராளமாகத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் வழி. அணைந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்தும் மீண்டும் பற்றும் என்பதால், மறுநாள் வரை அதன் பக்கத்தில் வைக்கோலோ வண்டியோ நிற்க விடாதீர்கள்.